மெதுவாகப் போகிறவர் முன்னால்

புறப்படுவதற்கு முதல் நாள், வவுனியா

மூன்று நாள் பயணத்துக்கு மூன்று மாதமாகத் திட்டம் போடுகிறோம். இன்று பின்னேரம் கராஜில் கடைசிக் கூட்டம். கூட்டம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு பழைய கார், ஐந்து ஆட்கள், ஒரு சுடுதண்ணிப் போத்தல் நிறையப் பிளேன்ரீ, ஒரு பை கடலை வடை. அவ்வளவுதான் எங்கள் சங்கம்.

எங்களுக்குள் ஆட்களைக் காரை வைத்துத்தான் கூப்பிடுவது. கேம்பிரிட்ஜ் அண்ணையிடம் இருப்பது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60, 1622 சிசி. கூட்டத்திலேயே பெரிய உடம்பு, காருக்கும் ஆளுக்கும். மாஸ்டர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பீஜோ 203 வைத்திருக்கிறார். கியர் ஸ்டியரிங்கோடு இருக்கிற கார். ஆமைத் தம்பிக்கு வயது 26, அவருடைய ஆமை வடிவ வோக்ஸ்வாகனுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. என்னுடையது 948 சிசி மொறிஸ் மைனர், பெரியப்பா மாங்குளம் முல்லைத்தீவு வீதியில் வாடகைக்கு ஓடியது. ஐந்தாவது ஆள் கராஜ் அண்ணை. அவருக்குச் சொந்தமாகக் கார் இல்லை. எங்கள் நாலு காரும் மாதத்தில் பாதி நாள் அவரிடம்தான் நிற்கும் என்பதால் தேவையும் இல்லை.

முதல் சண்டை, யார் முன்னுக்குப் போவது என்பது.

"மொறிஸ் முன்னுக்குப் போகட்டும்," என்றார் மாஸ்டர்.

"ஏன் மாஸ்டர், வயசுக்கு மரியாதையோ?"

"மரியாதையும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, கணக்கு. மெதுவாப் போறவன் கடைசியா வந்தால் அவனைத் தேடித் திரும்பி வரவேணும். முன்னுக்கு விட்டால் தள்ளிக்கொண்டு போகலாம்."

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. மொறிஸ் மைனர் யார் வரைந்த கார் தெரியுமா, பிறகு மினி காரை வரைந்த அதே ஐசிகோனிஸ், என்று தொடங்கினேன். மாஸ்டர் விடவில்லை. "ஓமோம், அந்த ஐசிகோனிஸ்தான் செய்து முடிச்ச பிறகு அகலம் காணாது எண்டு காரை நீளத்துக்கு வெட்டி, நடுவிலை நாலு அங்குலம் கூட்டினவர். உன்ரை பொனற்றிலை நடுவாலை ஒரு பட்டி ஓடுதே, அது அந்த ஒட்டுத்தான்." எல்லாரும் எழுந்துபோய்ப் பொனற்றைத் தடவிப் பார்த்தார்கள். இருபது வருடமாக நான் துடைக்கிற பொனற்று. அந்தப் பட்டி அழகுக்கு என்றுதான் இன்றுவரை நினைத்திருந்தேன்.

அடுத்தது சாமான் பட்டியல். பொயின்ற் செற், கொண்டென்சர், கொயில், ஃபான் பெல்ற், ரியூப், பிரேக் ஒயில், இழுவைக் கயிறு. யார் எதைக் கொண்டுவருவது என்று கராஜ் அண்ணை கரியால் சுவரில் எழுதினார். ஆமைத் தம்பி, தன் காருக்கு எஞ்சின் பின்னுக்கு, காற்றிலேயே குளிர்வது, ரேடியேற்றரே இல்லை, எனவே தண்ணீர்க் கான் சுமக்க மாட்டேன் என்றார்.

"உனக்கு முன்னுக்குத் திறந்தால் உடுப்புப் பெட்டி, பின்னுக்குத் திறந்தால் தையல் மெஷின்," என்றார் கேம்பிரிட்ஜ் அண்ணை. "நாங்கள் தண்ணி குடிக்கவாவது கானைக் கொண்டு வா."

பிறகு பேச்சு ரயருக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் அண்ணை புது ரயர் வாங்கமாட்டார். இது எங்களுக்குள் நெடுநாள் பகிடி. யாராவது கழற்றிப் போட்டதைத் தேடி வாங்கிப் போடுவார். அது மொட்டையானதும் இன்னொரு அரை மொட்டை. காசில்லாத மனிதர் அல்ல. வெளிநாட்டுக் கார் இறக்குமதி 2020 பங்குனியில் நின்று 2025 மாசியில்தான் தனியாருக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் அவருடைய காருக்கு எத்தனையோ பேர் நல்ல விலை கேட்டு வந்தார்கள். கொடுக்கவுமில்லை, அதற்கு ரயர் வாங்கவுமில்லை. இந்த முறை மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், மொட்டை ரயரோடு வரக்கூடாது என்று. பின்னுக்கு இரண்டு மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டு, ஏதோ பாவம் செய்தவர் மாதிரி இன்று வந்து நின்றார்.

கடைசியாகப் பாதை. மாஸ்டர் சோக்கால் நிலத்தில் முக்கோணம் கீறினார். ஏ9 இல் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி. பரந்தனில் திரும்பி ஏ35 இல் முல்லைத்தீவு. அங்கிருந்து ஏ34 இல் மாங்குளம், பிறகு வீடு. எல்லாம் கூட்டினால் 230 கிலோமீற்றர் அளவு. நேரே ஓடினால் ஒரு நாளில் முடியும், ஆனால் நேரே ஓடுகிற கார்கள் எங்களிடம் இல்லை.

கேம்பிரிட்ஜ் அண்ணைக்கு ஏ35 பிடிக்கவில்லை. பெற்றோல் செட் தூரம் என்றார். மாடு என்றார், யானை என்றார். கடற்காற்றில் காருக்குத் துருப்பிடிக்கும் என்றார்.

"ஒரு இரவிலை பிடிக்கிற துருவோ அண்ணை? சோப்புப் போட்டுக் குளிக்க வாத்துச் சொன்ன சாட்டு மாதிரிக் கிடக்கு," என்றேன் நான். நாலுக்கு ஒன்று என்று வாக்கு விழுந்தது.

"சரி சரி, போங்கோ. நான் கடைசியா வாறன்," என்றார்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்குக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கொடுத்தார்களே, அந்தக் காலத்தில் எங்கள் கார் சங்கம் சைக்கிளில்தான் கூடியது. ஆகவே இந்தப் பயணத்தை நாங்கள் கொஞ்சம் அதிகமாகக் கொண்டாடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாம் நாள், கிளிநொச்சி

ஆறு மணிக்குப் புறப்படுவதாக இருந்தது. புறப்பட்டது ஏழே முக்கால். மாஸ்டர் ஐந்தரைக்கே வந்து, ஒவ்வொருவர் வந்து சேர்ந்த நேரத்தையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடப் புத்தி போகாது.

வேகம் 55. எங்களை முந்திய பஸ்களை ஆமைத் தம்பி எண்ணத் தொடங்கி, புளியங்குளத்தோடு விட்டுவிட்டார். ஓமந்தையை நிற்காமலே கடந்தோம். 2002 இல் பாதை திறந்த பிறகு, நாங்கள் சோதனைச் சாவடியில் மணிக்கணக்காக இறங்கி நின்று, பையைக் கொட்டிக் காட்டி, திரும்ப அடுக்கி ஏறிய இடம். இப்போது நூறு தடவை போய்வந்தும் அந்த இடம் வரும்போது என் கால் தானாகவே பிரேக்குக்குப் போகிறது. பின்னால் வந்த மாஸ்டர் ஹோன் அடித்தார்.

கச்சான் காற்று (தென்மேற்குக் காற்றுக்கும் நிலக்கடலைக்கும் எங்களிடம் ஒரே பெயர்) வலதும் இடதுமாகப் பிடித்து ஆட்டியது. மொறிஸுக்கு இந்தக் காற்று ஒத்துவராது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதே தனி வேலை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தி இறங்கியதும் கேம்பிரிட்ஜ் அண்ணை சொன்னார், "வழியெல்லாம் கச்சான் தின்னாமலே வந்திட்டாய், இனிக் காசு குடுத்து வாங்கு."

முறிகண்டியில் நிற்காமல் போகிற வாகனம் இருந்தால் அதை ஓட்டுகிறவர் ஊருக்குப் புதியவராக இருக்க வேண்டும். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, உண்டியலில் சில்லறை போட்டு, கச்சான் வாங்கி ஏறுவது ஏ9 இன் எழுதாத சட்டம். நாலு காருக்கு நாலு தேங்காய். ஆமைத் தம்பியின் தேங்காய் உடையாமல் உருண்டு வீதிக்கு ஓடியது. அவர் அதைத் துரத்திப் போனதைப் பார்த்து, "முதல் பிரேக்டவுன்," என்று மாஸ்டர் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

கச்சான் விற்ற அம்மா மணலோடு வறுத்த கச்சானைச் சுளகில் புடைத்துக்கொண்டே காரைப் பார்த்தா. "உது இன்னும் ஓடுதோ?" என்று கேட்டா. "ஓடும் அம்மா, இறக்கத்திலை," என்று எனக்கு முதல் கராஜ் அண்ணை பதில் சொல்லிவிட்டார்.

பின்னேரம் இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம். 1902 இல் வேலை தொடங்கியது, நூறு வருடத்துக்கு மேலாகக் கிளிநொச்சி வயலுக்கு இதுதான் தண்ணீர். ஆவணியில் தண்ணீர் எட்டத்தில்தான் மினுங்கியது. அணைக்கட்டில் காற்று வாங்கிவிட்டு இருட்ட முதல் திரும்பினோம். இருட்டினால் வன்னியில் வீதி மாட்டுக்குச் சொந்தம். தார் சூடு ஆறாமல் இருப்பதால் வந்து படுத்துவிடும். எங்கள் பழைய லைற் வெளிச்சத்தில் கறுத்த மாடு தெரிவதற்கும் மாட்டில் முட்டுவதற்கும் இடையில் நேரமே இருக்காது. இரவு அத்தை வீட்டில் இடியப்பமும் சொதியும். ஐந்து பேர் தின்ற அளவை எழுதினால் அத்தைக்கு வெட்கம்.

இரண்டாம் நாள், முல்லைத்தீவு

இன்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பரந்தனில் பழைய இரசாயனத் தொழிற்சாலையின் மிச்சத்தைக் காட்டி மாஸ்டர் பாடம் எடுத்தார்: ஆனையிறவு உப்பு, மின்சாரம், அதிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும். ஆமைத் தம்பி நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சோதினைக்கு வருமோ சேர்?" என்றார்.

விசுவமடு தாண்டியதும் மொறிஸ் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. நேரம் பதினொன்று, தலைக்கு மேலே வெயில், நிழலுக்கு ஒரு வேம்புகூட இல்லை. எல்லாரும் இறங்கி வந்து பொனற்றுக்குள் தலையைவிட்டார்கள். நாலு பேர், ஐந்து கருத்து. கொயில் என்றார் ஒருவர், பொயின்ற் என்றார் இன்னொருவர். கேம்பிரிட்ஜ் அண்ணை மட்டும் தன் காரை விட்டு இறங்கவில்லை. இது அவருடைய குணமே இல்லை. அடுத்தவன் கார் பழுதாகி நிற்பதைக் காண்பது அவருக்குத் திருவிழா.

அந்த நேரம் லான்ட்மாஸ்ரரில், அதுதான் இரண்டு சில்லு உழவு யந்திரத்தில், வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஒரு ஐயா வந்தார். நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் எங்களை விலக்கிக்கொண்டு வந்து, "சுவிச்சைப் போடுங்கோ தம்பி," என்றார். போட்டேன். காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார்.

"சத்தம் இல்லை. பம்ப் படுத்திட்டுது. உதிலை தட்டுங்கோ."

மொறிஸ் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். வெயில் எனக்கு மறக்கடித்துவிட்டது. பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் வேலை செய்வது, எஞ்சின் பக்கத்துச் சுவரில் ஒரு சிறிய குண்டான் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். சுவிச்சைப் போட்டதும் டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் மெதுவாகி அடங்கும். உள்ளே இருக்கிற பொயின்ற் ஒட்டிக்கொண்டால் அந்தச் சத்தம் வராது. ஸ்பானர்ப் பிடியால் மெல்ல ஒரு தட்டு. ஒன்றும் இல்லை. இன்னொரு தட்டு. டிக். பிறகு டிக் டிக் டிக். ஐயா தன் சால்வையை நனைத்துப் பம்புக்கு மேலே போட்டார், சூட்டில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகாமல் இருக்க.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் ஐயா?"

"நாங்கள் உதை மண்ணெண்ணெயிலை ஓட்டின ஆக்கள் தம்பி."

1990 க்குப் பிறகு பெற்றோல் வடக்குக்கு வராத வருடங்களைச் சொல்கிறார். தெரியாத பிள்ளைகளுக்கு: சூப்பி என்று ஒரு சின்னப் போத்தல் இருக்கும், அதில் கொஞ்சம் பெற்றோல். அதைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஊரெல்லாம் வெள்ளைப் புகையும் அடுப்படி மணமும். ஆமைத் தம்பி பிறப்பதற்கு முந்திய கதை. அவர் வாய் பார்த்துக்கொண்டு நின்றார், இந்தத் தடவை பகிடி விடவில்லை. சால்வையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வைச்சிருங்கோ, முல்லைத்தீவு மட்டும் தேவைப்படும்," என்று ஐயா போய்விட்டார். சால்வை இப்போதும் என்னிடம் இருக்கிறது.

உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. பிறகு முள்ளிவாய்க்கால். அங்கே ஒருவரும் ஹோன் அடிக்கவில்லை, நான் சொல்லி வைத்ததும் இல்லை. திடீரென்று கடைசியில் வந்த கேம்பிரிட்ஜின் ஹோன் கேட்டது. ஏதோ பழுது என்று ஓரம் கட்டினோம். அண்ணை இறங்கினார், பொனற்றைத் திறக்கவில்லை. கடற்பக்கத்துப் பனைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதிலைதான் நிண்டது."

"என்ன அண்ணை?"

"பழைய கேம்பிரிட்ஜ். ஏ55. 2009 இலை."

காற்றில் பனையோலை அடிக்கிற சத்தம்தான்.

"நாலு ரயரும் புதுசு," என்றார். "பாதை பூட்டின காலத்திலை எங்கையெங்கையோ அலைஞ்சு எடுத்தது. ஆயிரம் கிலோமீற்றர்கூட ஓடேல்லை."

மாஸ்டர் கேட்டார், "பெற்றோல் எவ்வளவு கிடந்தது?"

"பெற்றோலோ? மண்ணெண்ணெய். அதுவும் அடியிலை."

"அப்ப ரயருக்கு மட்டும் கவலைப்பட்டால் காணும்."

அண்ணை சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் நாங்கள் மூச்சு விட்டோம்.

"கதவைப் பூட்டினனீங்களோ அண்ணை?" என்று கேட்டது ஆமைத் தம்பி. கேட்கலாமா என்று எனக்குத் திக்கென்றது.

"பூட்டாமல் விடுவனே? புது ரயரெல்லோ." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், "வட்டுவாகல் பாலம் தாண்டுமட்டும் திறப்பு கையிலைதான். அங்காலை போய்த்தான் பார்த்தன், இதை ஏன் வைச்சிருக்கிறன் எண்டு."

அவ்வளவுதான் சொன்னார். நாங்களும் கேட்கவில்லை. தண்ணீர்க் கானை ஆமைத் தம்பி எடுத்துவந்தார், எல்லாரும் குடித்தோம்.

வட்டுவாகல் பாலம் ஒரு வாகனம் போகிற அகலம்தான், தண்ணீருக்குச் சற்று மேலே, பக்கங்களில் நந்திக்கடல். எதிரே வந்த பஸ் கடக்கும் வரை காத்து நின்றோம். அண்ணை பின்னாலிருந்து ஹோன் அடித்து, கையை வெளியே நீட்டி, தான் முன்னால் போவதாகக் காட்டினார். வரிசைச் சட்டம் உடைந்தது. மாஸ்டர் கொப்பியில் எழுதவில்லை.

இரவு விளைமீன் பொரியலோடு சோறு. சாப்பிட்ட பிறகு அண்ணையிடம் கேட்டேன், முதல் நாள் நான் எழுதியதை, அந்தத் துருக் கதையை, ரயர்க் கதையை அழித்துவிடட்டா என்று.

"கிடக்கட்டும். நல்லாத்தான் எழுதியிருக்கிறாய்," என்றார். "சோப்புச் சாட்டு எண்டுதான் ஒண்டு எழுதியிருக்கிறாய், அப்பிடி ஒரு பழமொழி எங்கையடா கிடக்கு?"

இல்லைத்தான். ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள், திரும்பவும் வவுனியா

ஏ34 இல் 49 கிலோமீற்றர், காடும் வயலும் மாறி மாறி. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு ஓடிய வீதி. காரும் பழகிய மாடு மாதிரித் தானே போனது. பம்புக்கு மேலே ஐயாவின் சால்வை, நனைத்து நனைத்து.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டோம். குரக்கன் வெட்டிய ஒட்டைச் சுட்டபோது லிங்கம் வெளிப்பட்டதால் ஒட்டுசுட்டான் என்று ஊருக்குப் பெயர் வந்த கதையை மாஸ்டர் சொல்லத் தொடங்க, எல்லாரும் சேர்ந்து சொல்லி முடித்தோம். கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் நினைவிடம். 1803 ஐப்பசி 31 ஆம் திகதி இந்த இடத்தில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக வெள்ளைக்காரக் கப்டன் ட்ரிபேர்க் பெயரில் கல் நாட்டப்பட்ட ஊர். "வெண்டவனுக்குக் கல், தோத்தவனுக்குச் சிலை," என்றார் கராஜ் அண்ணை. மூன்று நாளில் அவர் காரைப்பற்றி அல்லாமல் சொன்ன ஒரே வசனம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மாங்குளத்தில் பிளேன்ரீ. ஏ9 ஏறி, வீட்டு மணம் மூக்கில் அடிக்கிற நேரம், புளியங்குளத்துக்குக் கிட்டக் கேம்பிரிட்ஜ் ஒரு பக்கம் சாய்ந்தது. பின் சில்லு. புது ரயர். இரண்டு அங்குல ஆணி நேரே ஏறியிருந்தது. முன்னுக்கு இருந்த இரண்டு மொட்டைக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அண்ணை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரயரைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நான் சொன்னனான் எல்லே?"

மாஸ்டர் ஒன்றும் பேசாமல் கொப்பியை எடுத்தார். ஜாக் கொண்டுவரவேண்டியவர் யார் என்று சுவரில் எழுதவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆமைத் தம்பி ஜாக் கேட்டு லொறி மறிக்கப் போனார். மற்ற நாலு பேரும் மதகில் ஏறி இருந்து, முறிகண்டிக் கச்சானில் மிச்சத்தை உடைத்துத் தின்னத் தொடங்கினோம்.